நட்டு 18 நாள், நவரை நெல் மஞ்சளடிக்கிறது, யூரியா போடலாமா? (அனுப்பம்பட்டு பக்கம்)

ஒற்றியூர்_வாசி:

எல்லாருக்கும் வணக்கம். நான் இருப்பது திருவொற்றியூர், வேலை துறைமுகத்தில். விவசாயம் என்று பார்த்தால் சின்ன வயதில் லீவுக்குப் போய் வரப்பில் ஓடினதோடு சரி. அனுப்பம்பட்டு ஸ்டேஷனில் இறங்கி ஆட்டோவில் போகிற தூரத்தில் மாமாவுக்கு ஒரு ஏக்கர் நஞ்சை இருக்கிறது. அவருக்கு முட்டியில் ஆபரேஷன், எழுந்து நடக்க இன்னும் நாளாகும், அதனால் இந்த நவரைப் பட்டத்து நெல்லை நான்தான் பார்த்துக்கொள்கிறேன், அதுவும் ஞாயிற்றுக்கிழமைகளில் கும்மிடிப்பூண்டி லோக்கல் பிடித்துப் போய். மற்ற நாளில் தண்ணி கட்ட அங்கேயே ஒரு பெரியவர் இருக்கிறார்.

நெல் ரகம் ஏடிடீ 37. நாற்று 24 நாளில் பிடுங்கி நட்டது. நட்டு இன்றோடு 18 நாள். அடியுரம் மாமா சொன்னபடி ஒரு மூட்டை டிஏபி (தழைச்சத்தும் மணிச்சத்தும் சேர்ந்த உரம்), அவ்வளவுதான். பொட்டாஷ், ஜிங்க், தொழுவுரம் எதுவும் போகவில்லை. போர் தண்ணி, வாயில் வைத்தால் லேசாகக் கரிக்கும்.

இப்போது பயிர் மஞ்சளடித்து நிற்கிறது. பக்கத்து வயல் பச்சையாக இருக்க நம்முடையது மட்டும் இப்படி. உரக்கடையில் கேட்டால் 2 மூட்டை யூரியாவை ஒரே தடவையில் வீசு, ஒரே வாரத்தில் கருத்துவிடும் என்கிறார், கூடவே இலையில் தெளிக்கிற நானோ யூரியா பாட்டில் ஒன்றும், பெயர் படிக்க முடியாத ஏதோ ஒரு டானிக்கும் வாங்கினால்தான் யூரியா தருவாராம். மாமா யூரியா போடு என்கிறார், தண்ணி கட்டுகிற பெரியவர் வேண்டாம், பூச்சி வரும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? வர ஞாயிறு போகிறேன், அதற்குள் யாராவது சொன்னால் புண்ணியமாகப் போகும்.

சோழவரம்_ஏரிக்கரை:

தம்பி, மஞ்சள் என்று ஒற்றை வார்த்தையில் சொன்னால் டாக்டருக்கே தெரியாது. எந்த இலை மஞ்சள் என்று சொல்லு. ஞாயிற்றுக்கிழமை போய் வரப்பிலேயே நிற்காமல் உள்ளே இறங்கி நாலு இடத்தில் பயிரைப் பிடித்துப் பார்.

அடி இலை, அதாவது வயசான இலை, நுனியிலிருந்து சீராக வெளுத்து, வயல் முழுக்க ஒரே மாதிரி இருந்தால் அது தழைச்சத்து, அதாவது நைட்ரஜன் குறை. யூரியா கேட்கிறது என்று அர்த்தம். புது இலை மட்டும் வெளிர் மஞ்சளாக இருந்து கீழ் இலை பச்சையாக இருந்தால் கந்தகக் குறையாக இருக்கலாம். அடி இலையில் துரு தெளித்த மாதிரி பழுப்புப் புள்ளி, குருத்து இலையின் நடு நரம்பு அடிப்பக்கம் வெளுத்திருப்பது, பயிர் குட்டையாகத் திட்டுத் திட்டாக நிற்பது, இது மூன்றும் சேர்ந்திருந்தால் ஜிங்க். நட்ட 2 முதல் 4 வாரத்துக்குள் தெரியும், உன் பயிர் இப்போது சரியாக அந்த வயதில்தான் இருக்கிறது. நவரையில் இது சகஜம், ஏனென்றால் தையில் ராத்திரி குளிர் இருக்கும், மண் குளிர்ந்திருந்தால் வேர் ஜிங்கை இழுக்காது. அதற்கு மேல் உங்கள் மாமா முழு மூட்டை டிஏபி போட்டிருக்கிறார். ஒரு மூட்டையில் 23 கிலோ மணிச்சத்து இருக்கிறது, ஏக்கருக்குத் தேவையே 16 கிலோதான். மணிச்சத்து மிஞ்சினால் ஜிங்க் பயிருக்குப் போவது இன்னும் குறையும். எனக்கு என்னவோ ஜிங்க் மேல்தான் சந்தேகம்.

அப்படி இருந்தால் செய்ய வேண்டியது சுலபம். பத்து லிட்டர் டேங்குக்கு 50 கிராம் ஜிங்க் சல்பேட், 100 கிராம் யூரியா. ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணி என்று வைத்தால் ஒரு கிலோ ஜிங்க், 2 கிலோ யூரியா. பனி காய்ந்த பிறகு காலையிலோ இல்லை சாயங்காலமோ இலை நனைய அடி. பதினைந்து நாள் கழித்துப் பார்த்து, தேவைப்பட்டால் இன்னொரு தடவை. பாக்கெட்டில் 21 சதவீதம் என்று போட்டிருந்தால் இந்த அளவு, 33 என்று போட்டிருந்தால் அதில் மூன்றில் இரண்டு பங்கு போதும். அடுத்த போகத்துக்கு ஞாபகம் வைத்துக்கொள், நடுவதற்கு முன்னால் ஏக்கருக்கு 10 கிலோ ஜிங்க் சல்பேட்டை 20 கிலோ மணலில் கலந்து மேலாகத் தூவிவிட்டால் இந்த அலைச்சலே இல்லை. டிஏபியோடு சேர்த்துக் கலந்துவிடாதே, இரண்டும் சேர்ந்தால் கட்டிக்கொண்டு பயிருக்கு எதுவும் போகாது.

யூரியா வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதுவும் வேணும். ஆனால் 2 மூட்டையை ஒரே நாளில் வீசுவது பயிருக்குப் போடுவது இல்லை, காற்றுக்குப் போடுவது.

மணலி_ரிட்டையர்டு:

மேலே சொன்னவர் சரியாகச் சொன்னார், அந்தக் கடைசி வரியை மட்டும் நான் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் இந்தச் சரக்கைச் செய்கிற இடத்தில்தான் என் காலம் முழுக்கப் போனது. மணலியில் 1971லிருந்து யூரியா உற்பத்தி நடக்கிறது, முதலில் நாப்தா என்கிற பெட்ரோலிய எண்ணெயில் ஓடியது, 2019ல் எண்ணூரில் எல்என்ஜி (திரவ இயற்கை எரிவாயு) முனையம் வந்த பிறகு இயற்கை எரிவாயுவுக்கு மாறியது. வாயுவிலிருந்து ஹைட்ரஜன், அதோடு காற்றிலிருக்கிற நைட்ரஜனைச் சேர்த்து அமோனியா, அந்த அமோனியாவோடு கார்பன் டை ஆக்சைடை அழுத்தத்தில் சேர்த்து யூரியா. இவ்வளவு பாடுபட்டு அமோனியாவைக் கெட்டியாக்கி மூட்டை கட்டி அனுப்புகிறோம், வயலில் தண்ணி நிற்கிற இடத்தில் நீங்கள் அதை வீசினால் அதில் கணிசமான பகுதி சில நாளில் மறுபடியும் அமோனியாவாகி மேலே போய்விடுகிறது. மண்ணிலும் தண்ணியிலும் இருக்கிற யூரியேஸ் என்கிற நொதிதான் அதை உடைக்கிறது. நிற்கிற தண்ணியில் பாசி இருந்தால் மத்தியான வெயிலில் அந்தத் தண்ணியின் காரத்தன்மை ஏறும், அப்போது இழப்பு இன்னும் அதிகம். உங்கள் பக்கத்து உப்பு, களர் மண்ணில் கேட்கவே வேண்டாம். அமோனியா காற்றில் கலந்தால் எப்படி இருக்கும் என்று எண்ணூர் பெரியகுப்பத்து ஜனங்களுக்கு அமோனியா கசிந்த 2023 டிசம்பர் 26 ராத்திரி நன்றாகவே தெரிந்தது, வயலில் போவது அந்த அளவு இல்லைதான், ஆனால் பொருள் அதே பொருள்.

அதனால் யூரியா போடுகிற அன்றைக்குத் தண்ணியை வடித்துவிட்டு, சேறு தெரிய மெல்லிசாக மட்டும் வைத்துக்கொண்டு தூவுங்கள். தூவிவிட்டு களையெடுக்கிற மாதிரி சேற்றைக் கலக்கி உள்ளே தள்ளுங்கள், கோனோ வீடர் (கையால் தள்ளுகிற களையெடுக்கும் கருவி) கிடைத்தால் இன்னும் நல்லது. மறுநாள் தண்ணி கட்டலாம். இலை பனியில் நனைந்திருக்கும்போது தூவவே கூடாது, குருணை இலையில் ஒட்டி கருகும்.

இன்னொன்று. இப்போது வருகிற யூரியா எல்லாமே வேப்பெண்ணெய் பூசியது, 2015லிருந்து அப்படித்தான். கரைந்த பிறகு நைட்ரேட்டாக மாறி ஓடிப்போவதை அது கொஞ்சம் தாமதப்படுத்தும், அதற்காக மேலே போகிற அமோனியாவை அது பிடித்து வைத்துவிடும் என்று நினைக்க வேண்டாம். மூட்டையும் இப்போது 45 கிலோதான், 50 இல்லை, மாமா பழைய கணக்கில் இருந்தால் சொல்லிவிடுங்கள். விலை 266 ரூபாய் 50 காசு, மூட்டையிலேயே அச்சடித்திருக்கும்.

ஒற்றியூர்_வாசி:

ஐயா, அண்ணா, ரொம்ப நன்றி. அந்த நானோ பாட்டிலைப் பற்றி யாரும் சொல்லவில்லையே? கடைக்காரர் ஒரு பாட்டில் ஒரு மூட்டைக்குச் சமம் என்கிறார். தூக்கிக்கொண்டு ரயிலில் போக எனக்கும் அதுதான் வசதி.

மணலி_ரிட்டையர்டு:

கணக்குப் போட்டுப் பாருங்கள். 45 கிலோ மூட்டையில் 46 சதவீதம் நைட்ரஜன், அதாவது 20 கிலோவுக்கு மேல். அரை லிட்டர் பாட்டில் முதலில் வந்தபோது 4 சதவீதம், அதாவது 20 கிராம். இப்போது 20 சதவீதம் என்று வருகிறது, அதிலும் 100 கிராம் சொச்சம்தான். இலை வழியாகப் போவதால் வீணாவது குறையும் என்பார்கள், குறையட்டும், ஆனால் ஒரு டன் நெல் விளைய பயிர் சுமார் 15 முதல் 20 கிலோ நைட்ரஜனை எடுத்தாக வேண்டும், அதை 100 கிராமில் எங்கிருந்து கொண்டுவரும்? தெளிக்க வேண்டும் என்றால் தெளியுங்கள், மூட்டைக்குப் பதில் என்று மட்டும் நம்பாதீர்கள்.

மானிய உரத்தோடு வேறு சரக்கை வாங்கினால்தான் தருவேன் என்று சொல்லக்கூடாது என்பது அரசாங்கமே திரும்பத் திரும்பச் சொன்னது. மீஞ்சூர் வட்டார வேளாண் உதவி இயக்குநர் ஆபீசில் ஒரு வார்த்தை சொல்லுங்கள், இல்லையென்றால் சொசைட்டியில் வாங்குங்கள். ஆதார் எடுத்துப் போங்கள், கைரேகை வைத்தால்தான் மிஷினில் பில் வரும்.

காட்டூர்_காத்து:

எல்லாரும் உரத்தைப் பற்றியே பேசுகிறீர்கள், அவர் சொன்ன இன்னொரு விஷயத்தை யாரும் பிடிக்கவில்லை. போர் தண்ணி கரிக்கிறது என்றாரே. மீஞ்சூர் சுற்று வட்டாரத்தில் கடல் தண்ணி நிலத்தடியில் உள்ளே வந்தது இன்று நேற்று கதையில்லை, 1960களின் கடைசியிலிருந்தே இருக்கிறது, ஊருக்குத் தண்ணி எடுத்தது எடுத்தபடி இருக்க கடல் அந்த இடத்தை நிரப்பிக்கொண்டது. நாங்கள் இந்தக் கரையில் அதை வைத்துத்தான் குடித்தனம் பண்ணுகிறோம்.

இலை நுனி வெள்ளையாகவோ பழுப்பாகவோ காய்ந்து, மேட்டுத் திட்டில் அதிகமாகவும் பள்ளத்தில் குறைவாகவும் இருந்தால் அது உப்பு, உரக்குறை இல்லை. மண்ணில் உப்பு எவ்வளவு என்று காட்டுகிற மின்கடத்து திறன் 3ஐத் (மீட்டருக்கு டெசிசீமன்ஸ் கணக்கில்) தாண்டினால் நெல் மகசூல் இறங்க ஆரம்பிக்கும், அதிலும் இளம் பயிரிலும் பூக்கும்போதும்தான் நெல்லுக்கு உப்பு ஆகாது. அப்படி இருக்கிற வயலில் மேலும் உரத்தைக் கொட்டினால் அதுவும் ஒரு உப்புதான், வேர் தண்ணி இழுக்க இன்னும் சிரமப்படும்.

எங்கள் பக்கம் யார் மஞ்சள் என்றாலும் உடனே ஜிப்சம் போடு என்பார்கள். களர் நிலமாக இருந்தால்தான் ஜிப்சம் உதவும், சோடியத்தை வெளியே தள்ளும். வெறும் உவர் நிலத்துக்கு ஜிப்சம் போட்டு என்ன பிரயோஜனம், நல்ல தண்ணியைக் கட்டி வடிகால் வழியாக வடிப்பதுதான் வழி. ஏரித் தண்ணியோ ஆரணியாற்றுத் தண்ணியோ கிடைக்கிற நாளில் போர் தண்ணியை நிறுத்திவிட்டு அதை விடச் சொல்லுங்கள் பெரியவரிடம். இரண்டில் எது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, மண்ணையும் தண்ணியையும் பரிசோதனைக்குக் கொடுங்கள், அறுவடை முடிந்த உடனே கொடுத்தால் அடுத்த போகத்துக்குள் கையில் இருக்கும். திரூரில் நெல் ஆராய்ச்சி நிலையமும் வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கின்றன, நம் மாவட்டத்துக்காரர்கள் ஏனோ அங்கே போவதே இல்லை.

நிலம் ரொம்பக் கெட்டிருந்தால் ரகத்தை மாற்றுங்கள், திருச்சி ரகங்கள் உப்பு தாங்கும்.

தண்டையார்பேட்டை_டிடி:

நடுவில் புகுந்ததற்கு மன்னிக்கவும், எனக்கு நிலம் கிடையாது, படித்துக்கொண்டே வந்தேன். என் சித்தப்பா பையன் கனடாவில் சஸ்காட்செவானில் பண்ணை மெஷின் ரிப்பேர் வேலை பார்க்கிறான். அங்கே வசந்தத்தில், மே மாசம் பனி உருகின பிறகு கோதுமை, பார்லி, ஓட்ஸ் எல்லாம் விதைப்பார்கள், ஆகஸ்ட், செப்டம்பரில் அறுப்பு. உரத்தைத் தனியாக வீசுவதே ரொம்பக் குறைவு என்றான், விதைக்கிற மெஷினே விதைக்குப் பக்கத்தில் தள்ளி ஒரு கோட்டில் மண்ணுக்குள் யூரியாவை வைத்துவிடுமாம். விதை மேலேயே விழுந்தால் முளைப்பே கெட்டுவிடும் என்பதால் அந்த இடைவெளி. மண்ணுக்குள் போய்விட்டதால் காற்றில் போவதும் குறைச்சல். நம்ம ஊரிலும் ஏன் அப்படி ஒரே தடவையில் முடித்துவிடக் கூடாது? வாரா வாரம் போக முடியாதவருக்கு அதுதானே வசதி?

சோழவரம்_ஏரிக்கரை:

நல்ல கேள்விதான் டிடி. ஆனால் அது காய்ந்த நிலம், குளிர்ந்த மண், அங்கே வைத்த இடத்தில் இருக்கும். இங்கே நிற்கிற தண்ணி, கீழே இறங்குகிற தண்ணி, நம்ம வெயில். முழுசையும் முதலில் கொடுத்தால் பயிர் கேட்கிற சமயத்தில் மண்ணில் ஒன்றும் இருக்காது. மண்ணுக்குள் தள்ளு என்கிற பாடத்தை மட்டும் அவர்களிடம் எடுத்துக்கொள்ளலாம், ஒரே தடவை என்பதை வேண்டாம்.

ஒற்றியூர் தம்பிக்கு இப்போது கணக்கைச் சொல்லிவிடுகிறேன். நம்ம பக்கத்துக் குறுகிய கால ரகத்துக்கு கோயம்புத்தூர் பல்கலைக்கழகப் பரிந்துரை ஹெக்டேருக்கு 120:40:40, ஏக்கருக்கு மாற்றினால் தழை 48 கிலோ, மணி 16, சாம்பல் 16. ஒரு மூட்டை டிஏபியில் தழை 9 கிலோ போய்விட்டது, மணிச்சத்து தேவைக்கு மேலேயே போய்விட்டது. மிச்சம் தழை 39 கிலோ, அதாவது 85 கிலோ யூரியா, உங்கள் கடைக்காரர் சொன்ன 2 மூட்டைக்குச் சற்றுக் குறைவு. ஆக அவர் சொன்ன மொத்த அளவு தப்பில்லை, ஒரே தடவை என்றதுதான் தப்பு. மூன்று பாகமாகப் பிரித்தால் தடவைக்கு 28 கிலோ.

எப்போது என்பதுதான் எல்லாரும் கோட்டை விடுகிற இடம். நட்ட நாளிலிருந்து எண்ணாதே, விதைத்த நாளிலிருந்து எண்ணு. ஏடிடீ 37 போன்ற 105 நாள் ரகத்தில் தூர் கட்டுவது விதைத்த 35 முதல் 40 நாள், உள்ளே கதிர் உருவாவது 45 முதல் 50, கதிர் வெளியே வருவது 70 முதல் 75. உன் பயிருக்கு நாற்றங்காலில் 24, வயலில் 18, ஆக வயசு 42. தூர் கட்டும் உரம் ஏற்கெனவே தாமதம், அதனால் ஞாயிற்றுக்கிழமையே முதல் பாகம் போகட்டும். அடுத்தது ஒரு வாரம், பத்து நாளில் வந்துவிடும். அதை நாளை வைத்து மட்டும் முடிவு பண்ணாதே, நல்ல தடித்த தாய்த் தூரைப் பிடுங்கி பிளேடால் நீளவாக்கில் கீறிப் பார், அடியில் வெள்ளையாகப் பஞ்சு நுனி மாதிரி ஒரு மில்லிமீட்டர், 2 மில்லிமீட்டரில் தெரிந்தால் அதுதான் கதிர். அப்போது இரண்டாம் பாகம். மூன்றாவது கதிர் எட்டிப் பார்க்கும்போது, அதுவும் இலை நல்ல கரும்பச்சையாக இருந்தால் விட்டுவிடு.

பொட்டாஷ் ஒன்றும் போடவில்லை என்றாய். அந்த 16 கிலோ சாம்பல் சத்துக்கு 27 கிலோ பொட்டாஷ் உரம் வாங்கி, பாதியை இந்த ஞாயிறு யூரியாவோடும் பாதியைக் கதிர் உருவாகும்போதும் போடு. சாயாமல் நிற்கும், நெல் எடை நிற்கும்.

ஜிப்சம், வேப்பம்பிண்ணாக்கு கிடைத்தால் யூரியா 5, ஜிப்சம் 4, பிண்ணாக்கு 1 என்று முந்தின நாள் ராத்திரியே கலந்து வைத்துவிட்டு மறுநாள் தூவு, எங்கள் பக்கம் அப்படித்தான் செய்கிறோம்.

அப்புறம் இலை வண்ண அட்டை என்று ஒரு பிளாஸ்டிக் அட்டை இருக்கிறது, வேளாண் ஆபீசில் கேட்டால் கிடைக்கலாம். காலை 8லிருந்து 10 மணிக்குள், வெயிலுக்கு முதுகு காட்டி நின்று, உன் நிழலில் வைத்து, மேலே முழுசாக விரிந்த இலையின் நடுப்பகுதியை அட்டையோடு ஒப்பிட வேண்டும். பத்து பயிரில் ஆறு 4ஆம் நிறத்துக்குக் கீழே இருந்தால் யூரியா போடு, இல்லையென்றால் மூட்டையை வீட்டிலேயே வை. வாரா வாரம் ஒரே ஆள்தான் பார்க்க வேண்டும், ஆளுக்கு ஆள் கண் மாறும். பூச்சி வரும் என்று பெரியவர் சொன்னது சும்மா இல்லை, தழை அதிகமானால் இலைச்சுருட்டுப் புழு, புகையான், இந்தப் பனியில் குலைநோய் எல்லாம் வரும்.

மண்வாசனை_மாதவரம்:

மூட்டை மூட்டையாகக் கொட்டித்தான் மண் இப்படி ஆனது. ஜீவாமிர்தம் விடுங்கள், பஞ்சகவ்யம் தெளியுங்கள், யூரியா வாங்குகிற கடை பக்கமே போகாதீர்கள்.

சோழவரம்_ஏரிக்கரை:

நீங்கள் சொல்வதில் பாதிக்கு நான் உடன்படுகிறேன். ஆனால் அந்தப் பயிருக்கு வயசு 42, மண்ணில் தழைச்சத்தும் இல்லை, தொழுவுரமும் போகவில்லை, இந்த நிலையில் பஞ்சகவ்யத்தை நம்பி உட்கார்ந்தால் செங்குன்றம் மண்டிக்கு எடுத்துப்போக ஒன்றும் இருக்காது. மண்ணைத் தேற்ற நேரம் அறுவடைக்குப் பிறகு. நவரை முடிந்து அடுத்த நடவுக்குள் தக்கைப்பூண்டு என்கிற பசுந்தாள் உரச் செடியை ஏக்கருக்கு 20 கிலோ விதைத்து 45 நாளில் பூக்கிற சமயத்தில் மடக்கி உழட்டும், அது உப்பும் தாங்கும். அதற்கப்புறம் யூரியாவைக் குறைக்கச் சொல்லுங்கள், நானும் கூடச் சேர்ந்து சொல்கிறேன்.

ஒற்றியூர்_வாசி:

போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அடி இலையில் அந்தத் துருப் புள்ளி இருக்கிறது, திட்டுத் திட்டாகத்தான் இருக்கிறது, குருத்தின் நடு நரம்பும் வெளுத்திருக்கிறது. நுனி கருகல் போர் வாய்க்கால் பக்கம் மட்டும் கொஞ்சம். சொசைட்டியில் யூரியாவும் பொட்டாஷும் கிடைத்தது, பாட்டில் எதுவும் தலையில் கட்டவில்லை. சாயங்காலம் தண்ணியை வடித்து 28 கிலோ தூவியாயிற்று, பெரியவர் முனகிக்கொண்டே சேற்றைக் கலக்கினார். ஜிங்க் சல்பேட் 21 சதவீதம் கிடைத்தது, நாளைக் காலை பெரியவர் அடிப்பதாகச் சொல்லியிருக்கிறார். அவரே இலைச்சுருட்டுப் புழு மருந்தும் சேர்த்து அடித்துவிடட்டுமா, இரட்டை வேலை மிச்சம் என்கிறார். ஸ்பிரேயர் பக்கத்து வீட்டில் இரவல்.

காட்டூர்_காத்து:

புழு கண்ணில் படாமல் மருந்து எதற்கு? இலை சுருண்டிருந்தால் பிரித்துப் பார்த்து உள்ளே புழு இருந்தால் அப்போது தனியாக அடிக்கட்டும், ஜிங்கோடு கலக்க வேண்டாம். அதைவிட முக்கியம், இரவல் ஸ்பிரேயரில் அவர்கள் கடைசியாகக் களைக்கொல்லி அடித்தார்களா என்று கேட்கச் சொல்லுங்கள். அடித்திருந்தால் சோப்புத் தண்ணி விட்டு நாலு தடவையாவது கழுவி, குழாய், நாசில் எல்லாம் கழற்றி அலசிவிட்டுத்தான் ஜிங்கை ஊற்ற வேண்டும். முடிந்தால் பெரியவருக்கு இன்றைக்கு ராத்திரியே போன் போட்டுச் சொல்லிவிடுங்கள்.